பொஸ்தகத்துல ஒட்டுன அம்பு ஸ்டிக்கர்

அட, பைத்தியமெல்லாம் இல்லீங்க அம்மிணி! யாரு சொன்னா உங்களுக்கு, முக்கு ஊட்டுக்காரியா? அவ சொல்லுவா. மேல் ஊட்டுப் புள்ள மொட்டை மாடில குந்தீட்டு, எவர்சில்வர் தட்டத்துல கரண்டிய வெச்சு இழு இழுன்னு இழுத்து, அதைப் போன்ல வேற புடிச்சுட்டு இருந்தாள்னு தெருப்பூரா சொல்லீட்டுத் திரியறா. இழுத்தது நெசந்தானுங்க. எனக்கே பல்லுக் கூசிப் போச்சு. அதுக்காகப் பைத்தியம்னு சொல்லிப் போடறதா? நீங்க இந்தத் தெருவுக்குக் குடி வந்தே ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள உங்க காதுல போட்டுட்டாளே. வாங்க, இப்படி நெழல்ல நில்லுங்க, சொல்றேன்.

அந்தப் புள்ள தெக்கத்திக்காரிங்க. தூத்துக்குடிப் பக்கம். இங்க அருள்புரத்துலதான் ஒரு பனியன் கம்பெனில, துணி வெட்டறதுக்குக் கம்ப்யூட்டர்ல அளவு வரைஞ்சு பேட்டன் போடற வேலை. வயசு முப்பதுக்கு மேல ஆச்சு, கல்யாணம் பண்ணிக்கலை. கேட்டாச் சிரிப்பா. நானும் மொதல்ல கேட்டுப் பாத்தேன், அப்பறம் உட்டுட்டேன். கல்யாணம் கட்டி ஒருத்தனைப் பெத்து ஆளாக்குன நான் மட்டும் என்ன கூட்டத்துக்கு நடுவுலயா குந்தியிருக்கறேன்?

என்ற மகன் ஓசூர்ல இருக்கறானுங்க. ஞாயித்துக்கெழமைன்னாப் போன் பண்ணீருவான், தப்பாது. "சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா"ம்பான். ஆமான்னு சொன்னா வெச்சுருவான். அதனால சில நாளு, போட்டிருந்தாலும் போடலைன்னு சொல்லீருவேன். அன்னிக்குக் கொஞ்சம் சேர்த்தி வைவான். கேக்க நல்லாருக்கும். நீங்க சிரிக்கறீங்க! உங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிப் போடாதீங்க, அவருக்கு என்ற மகனைத் தெரியுமாமே.

எங்க உட்டேன்? ஆங், அந்தப் புள்ள. அவ ஒரு பொஸ்தகம் போடறாளுங்க. சின்னது, உள்ளங்கைய விரிச்சா அவ்வளவுதான். அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேரு சொல்லுவா, என்ற வாய்ல வராது. முச்சூடும் பாட்டுக்காரங்களப் பத்தித்தானாம். பாட்டுன்னா சினிமாப் பாட்டு இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. யாரோ ஒருத்தரு காலிக் கேஸ் சிலிண்டரைத் தட்டறாராம். இன்னொருத்தரு பழைய ரேடியோவுல டேசன் கெடைக்காத எடத்துல இரையும் பாருங்க, அதையே ராத்திரி பூரா திருகித் திருகிக் கேக்க வெக்கறாராம். இவ தட்டத்துல கரண்டிய இழுத்ததும் அந்த மாதிரிப் பாட்டுத்தானாம். மேடை கிடையாது, டிவி கிடையாது, கடைல கேசட்டு கிடையாது. "கேக்கறதுக்கு ஆளு வருமா கண்ணு?"ன்னேன். "பத்துப் பேரு வந்தா அது பெரிய கூட்டம் ஆச்சி"ங்கறா. அந்தப் பத்துப் பேரு ஆளுக்கொரு ஊர்ல இருக்கறாங்களாம். ஒருத்தருக்கொருத்தரு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் இந்தப் பொஸ்தகமாம். ஜெராக்ஸ் எடுத்துத் தபால்ல போடுவா.

எனக்கு ஒரு எழுத்துத் தெரியாதுங்க. பல்லடம் போற பஸ்ஸுலகூட வண்டிக் கலர வெச்சுத்தான் ஏறுவேன். அந்தப் பொஸ்தகத்துக்கும் எனக்கும் எப்படிச் சேந்துச்சுங்கறீங்களா?

ஒரு லீவு நாளு நான் வாசல்ல குந்திப் பூண்டு உரிச்சுட்டு இருந்தேன். எறங்கி வந்தா. "ஆச்சி, நீங்க பனியன் கம்பெனியிலயா வேல பாத்திய? அப்போ மிசினெல்லாம் எப்படிச் சத்தம் போடும்?"ன்னு கேட்டா.

"உன்ற கம்பெனிலயே மிசினு ஓடுதே கண்ணு, என்னைக் கேக்கறே?"ன்னேன்.

"நான் கண்ணாடி ரூமுக்குள்ள ஏசியில கெடக்கேன் ஆச்சி. இப்ப உள்ள மிசினுக்குச் சத்தமும் கம்மி. எனக்குப் பழைய சத்தம் வேணும்."

இத்தனை வருசத்துல அதை யாராச்சும் கேட்டிருப்பாங்களா சொல்லுங்க! கூலி எவ்வளவுன்னு கேப்பாங்க, முட்டி வலி எப்படீன்னு கேப்பாங்க. நானும் பூண்டை அப்படியே வெச்சுட்டு வாயாலயே ஓட்டிக் காட்டுனேன். ஓவர்லாக்கு மிசினு ட்ர்ர்ர்னு ஒரே மூச்சா இழுக்கும். பேட்லாக்கு மிசினு அதுக்குக் கீழ டுகுடுகுடுகுன்னு அடித்தொண்டைல ஓடும். அதுக்கு நடுவுல எங்க செக்கிங் டேபிளு, பிசிறு வெட்டற சத்தம், கிச்சு கிச்சு கிச்சு. எல்லாம் ஒண்ணா ஓடிட்டே இருக்கறப்ப டக்குன்னு கரண்டு போகும். அத்தனையும் ஒரேயடியா நின்னுரும். அப்பக் காதுக்குள்ள ஊஊன்னு ஒண்ணு கேக்குமுங்க. அதையும் செஞ்சு காட்டுனேன். அந்தப் புள்ள போனைக் கைல புடிச்சுட்டு அசையவே இல்லை. இப்பவும் எனக்கு அந்த ஊஊ இருக்குது அம்மிணி. மத்தச் சத்தமெல்லாம் வேலைய உட்டதும் நின்னு போச்சு, இது மட்டும் கூடவே ஊட்டுக்கு வந்துருச்சு. மத்தியானத்துல கதவைச் சாத்தினாப் போதும், ஆரம்பிச்சுக்கும்.

அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழமையானா எறங்கி வந்துருவா. பொஸ்தகத்துத் தாளை மடிச்சு, நடுவுல ஊசி போட்டு, கம்பெனி வேஸ்ட்டு நூல்லயே தைக்கோணும். மடிக்கறதுக்கு எனக்குச் சொல்லியா தரோணும்? வாழ்நாளெல்லாம் பனியன் மடிச்ச கை. அவ கோணல் மாணலா மடிப்பா. "கண்ணு, நீ தூரப் போ, பீசு கெட்டுப் போகும்"பேன். "சரிங்க சூப்ரவைசர்"ம்பா. சோறு தின்னுட்டே, சும்மா எதாச்சும் பேசீட்டே செய்வோம். அவளுக்கு மீன் இல்லாமச் சோறு எறங்காது, எனக்கு மீன் வாசமே ஆகாது. அந்தச் சண்டையிலயே பாதி நேரம் போயிரும். பொழுது எறங்கறதே தெரியாது. சனிக்கெழம பொழுதோடயே நான் ஊட்டைக் கூட்டி, பாயை ஒதறிப் போட்டு வெச்சுருவேன்னா பாத்துக்கங்க. வாரத்துல மத்த நாளெல்லாம் அந்த நாளுக்குப் போற பஸ்ஸு மாதிரித்தான்.

ஒரு நாளு தாளெல்லாம் கொண்டாந்து எறக்கி வெச்சுட்டு, அவ எதோ வாங்கறதுக்குக் கடைக்குப் போயிட்டா. நான் மடிக்க எடுத்தேன். எடுத்தா, ஒரு பக்கம் பூரா ஒரே கருப்புங்க. எழுத்து மேல எழுத்து ஏறி, அது மேல இன்னொண்ணு ஏறி, ஆயில் கறை மாதிரி அப்பிக் கெடக்குது. அதுக்கு அடுத்த பக்கம் பாத்தா ஒண்ணுமே இல்லை, வெள்ளை. சரி, ஒரு பீசு அப்படி வந்துருக்கும்னு அடுத்ததை எடுத்தா அதுவும் அப்படித்தான். லாட்டுப் பூராத்துலயும், மொத்தக் கட்டுலயும் அப்படியே.

உங்களுக்குச் செக்கிங் வேலை தெரியுங்களா? டேமேஜு எங்க இருக்குதோ அதைக் காட்டற மாதிரிச் செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம், நகத்தளவுக்கு. ஓட்டை, கறை, நூலு ஓடுனது, எதா இருந்தாலும் அம்பு. ஒட்டாம உட்டு, சரக்கு வாங்கற பையர் கண்ணுல பட்டுதுன்னா, மானம் போயிரும். என்ற பொட்டி அடில ஒரு கட்டுக் கெடந்துச்சு. எடுத்து ஒட்டுனேன் பாருங்க, ஒரு பீசு பாக்கி உடலை. கருப்புல நாலு பக்கமும் அம்பு, வெள்ளைல நட்ட நடுவுல ஒரு அம்பு. ஒட்டி, அடுக்கி, நூலையும் போட்டு முடிச்சு வெச்சுட்டுக் குந்தியிருக்கறேன், எப்ப வருவாள்னு. எனக்கு அத்தனை சந்தோசம்.

வந்து ஒண்ண எடுத்துப் பிரிச்சா. "என்ன ஆச்சி இது?"

"டேமேஜு கண்ணு! அந்த ஜெராக்ஸ் கடைக்காரன் உன்னைய நல்லா ஏமாத்திப் போட்டான். இப்பவே போயிச் சண்டை புடி. நான் வேணும்னா கூட வர்றேன்."

அவ பாய் மேல குந்துனா. அப்பறம் சொல்றா, "இது டேமேஜ் இல்ல ஆச்சி. இது நீங்க."

"நானா?"

"அன்னைக்கு வாயால ஓட்டிக் காமிச்சியள்ல, அந்தச் சத்தம். ஓவர்லாக், பேட்லாக், பிசிறு வெட்டுறது எல்லாத்தையும் எழுத்தா அடிச்சு ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தியிருக்கேன். அடுத்த பக்கம் கரண்டு போனது."

ஒரு ஸ்டிக்கரை நகத்தால மெதுவா எடுத்துப் பாத்தா. தாளு தோலோட உரிஞ்சு வந்துச்சு. அப்பறம் எதையும் தொடலை. கட்டைத் தூக்கீட்டு மேல போயிட்டா. சோறு திங்காமயே போயிட்டா.

அடுத்த ஞாயித்துக்கெழம எறங்கலை. அதுக்கடுத்ததுக்கும் எறங்கலை. கம்பெனில சரக்கு அனுப்பற சிப்மெண்டு நேரம், ஞாயித்துக்கெழமயும் வேலைன்னு பக்கத்து ஊட்டுப் பையன் சொன்னான். சிப்மெண்டோ, கோவமோ, நான் என்னத்தக் கண்டேன். பாயைப் போட்டு வெச்சுச் சுருட்டி வெச்சேன். டிவியப் போட்டா அதுல எல்லாரும் என்னைய உட்டுட்டு அவங்களுக்குள்ளயே பேசிக்கறாங்க. மகன் போன் பண்ணுனான். மாத்திரை போட்டேன்னு சொல்லீட்டு நானே வெச்சுட்டேன்.

அப்பறம் ஒரு நாள் பொழுதோட வந்தா. மொகமெல்லாம் சோந்து கெடந்துச்சு, சிப்மெண்டுதான் போல. "எல்லாத்தையும் அப்படியே தபால்ல போட்டுட்டேன் ஆச்சி, மறுபடி அடிக்கக் கையில காசு இல்ல"ன்னா. "வாங்குனவிய என்ன சொன்னாவ தெரியுமா? கேரளாவுல ஒருத்தரு, எனக்கு நல்ல காப்பி அனுப்புங்கன்னு கேட்டிருக்காரு. இன்னொருத்தரு, அம்பு எதைக் காட்டுதுன்னு புரியலன்னு தலைகீழாத் திருப்பித் திருப்பிப் பாத்தாராம். பெங்களூருல ஒரு அம்மா ஒக்காந்து எல்லா ஸ்டிக்கரையும் சொரண்டி எடுத்துட்டு, பொறவுதான் படிச்சாவளாம்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவளும் சிரிச்சா. அப்பாடா, ஆச்சுன்னு நெனச்சேன். அப்பச் சொல்றா, "இனிமே பேப்பரு கிடையாது ஆச்சி. அடுத்ததுல இருந்து போன்லயே வர்ற மாதிரிப் போடப் போறேன்."

"நான் அம்பு ஒட்டுனதுக்கா கண்ணு?"

"சேச்சே, அதுக்கா? பேப்பரு, ஜெராக்ஸு, தபாலு, எல்லாம் கட்டுப்படியாகல ஆச்சி. அவ்வளவுதான்."

"போன்ல வந்தா மடிக்கற வேலை இருக்காது இல்ல?"ன்னேன். "இருக்காதே, உங்களுக்கும் கை வலி மிச்சம்"னா. நல்ல எண்ணத்துலதான் சொன்னா. நானும் ஆமா கண்ணுன்னு சொன்னேன். என்ற கை எப்பங்க வலிச்சுது?

இன்னிக்குத்தான் பேப்பரு நின்னதுக்கப்பறம் மொத ஞாயித்துக்கெழம. இன்னும் எறங்கலை. ஊட்டுலதான் இருக்கறா, அதா செருப்புக் கெடக்குது பாருங்க. கைல வேலை இல்லாம எப்படி வந்து குந்தறதுன்னு நெனைக்கறாளோ என்னமோ. எனக்கும் என்ன சொல்லிக் கூப்புடறதுன்னு தெரியலை. நூலும் ஊசியும் இருந்தவரைக்கும் ஒண்ணும் சொல்லத் தேவையில்லை பாருங்க. "சும்மா வா கண்ணு"ன்னு ஒருத்தரைக் கூப்புடறது எவ்வளவு கஷ்டமா இருக்குது! என்ற வாய்க்கே வர மாட்டேங்குது.

நானும் அந்த இரும்புப் படில ஒருக்காக்கூட ஏறுனதில்லீங்க. முட்டி ஒத்துக்காது. அவதான் எறங்கி வருவா, நான் குந்தியிருப்பேன். இன்னிக்கு ஏறித்தான் பாப்பமேன்னு காத்தாலயே தோணுச்சு. கொள்ளுப் பருப்புக் கடைஞ்சு, ரசமும் வெச்சுரலாம்னு அடுப்புல போட்டிருக்கறேன். ரெண்டு பேரு திங்கறாப்பலதான் போட்டேன். மீனுக்கு அது ஈடாகுமான்னு அவ மொணங்குவா. மொணங்கட்டும், அதுக்கு நான் பதில் சொல்றேன்.

இல்லீங்க, நீங்க கையெல்லாம் புடிக்க வேண்டாம், படிக்குக் கம்பி இருக்குது. ஒவ்வொண்ணா ஏறிக்கறேன். சோத்தையும் பருப்பையும் தூக்குப்போசில போட்டுக் கைல மாட்டீட்டா... அய்யோ, வாசம் வருதுங்களா? கொள்ளு அடிபுடிக்குது அம்மிணி, நகருங்க நகருங்க, அடுப்ப அமத்தோணும்!