தூதன் பேசிக்கொண்டிருக்கிறார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் மூன்று முறை செத்துப்போனேன்.

பயப்படாதீர்கள்... இதை எழுதுவது ஆவி இல்லை. என்னோடு இன்னும் மூன்று பேர் செத்தார்கள். எங்களைக் கொன்றது ஒரு ராட்சசன். அந்த ராட்சசனாக நடித்ததும் நான்தான் — அது தனிக் கேவலம்!

கொல்லிமலைக்கு மாற்றல் வந்ததிலிருந்து இந்த பிளாக் பக்கத்தில் நான் புலம்பாத புலம்பல் இல்லை. விதைப்பண்ணை ஆபீஸில் கிளார்க் உத்தியோகம், ஒற்றை அறை, பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. எனக்கோ ஒரு நாள் பேசாமல் இருந்தால் சோறு தொண்டையில் இறங்காது. அதனால் ஞாயிறு ஆனால் பஸ் பிடித்து மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் இறங்கிவிடுவேன். அங்கே தங்கவேலு அண்ணனின் பிரௌசிங் சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், ஓயாமல் பேசும் தங்கவேலு அண்ணன்.

அங்கேதான் இந்த விளையாட்டில் மாட்டினேன்.

படம் கிடையாது, சத்தம் கிடையாது. வெறும் எழுத்து. 'முன்னால் ஒரு குகை. உள்ளே உறுமல் கேட்கிறது. என்ன செய்கிறாய்?' என்று திரையில் வரும். நாம் பதில் அடிக்க வேண்டும். தமிழைத்தான் அடிக்க வேண்டும், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். ஆளாளுக்கு ஒரு வேஷம். நான் மருத்துவச்சி. நடத்துகிறவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கோட்டைக்காவலர்.

ஒரு நாள் அவர் அறிவித்தார் — மேகக்கோட்டை திறக்கப்போகிறது. உள்ளே வைரமுடி இருக்கிறது. நாலு பேர் கூட்டமாக வந்தால்தான் அனுமதி. வாசலில் நாலு பேரிடமும் கேள்வி கேட்பார். ஒருத்தர் நேரத்துக்குப் பதில் சொல்லாவிட்டாலும் மொத்தக் கூட்டமும் வெளியே.

"என் கூட்டம் ரெடி!" என்று உடனே அடித்துவிட்டேன். யோசித்துப் பேசும் பழக்கம் நமக்கு ஏது? கூட்டமாவது ஒன்றாவது... மலையில் எனக்கு ஒரு காக்காய் கூடப் பழக்கமில்லை.

தங்கவேலு அண்ணன் முதல் ஆளாகச் சேர்ந்தார். "போர்வீரன்னு போட்டுக்கங்க. நமக்கு அதாங்க செட் ஆகும்" என்றார். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

பொன்னுசாமி அண்ணனை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மலைமேல் வாழவந்தி நாட்டுக்காரர். மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறார். ஞாயிறு பஸ்ஸில் மூட்டையோடு இறங்குவார், சரக்கைப் போட்டுவிட்டு, திரும்புகிற பஸ் வரும்வரை பிரௌசிங் சென்டர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். அவருக்குத் திக்குவாய். ஒரு வாக்கியம் முடிக்க நம்மைப் போல நாலு மடங்கு நேரம் ஆகும். அதனால் அவர் பேசுவதே அபூர்வம்.

அன்றைக்கு என் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இ... இதுல எப்புடிங்க அம்மிணி, அடிச்சு முடிச்சு பட்டனத் தட்டுனாத்தான் அ... அவிகளுக்குத் தெரியுமாங்க?" என்றார்.

"ஆமாண்ணா. முழுசா முடிச்சப்புறம்தான்."

"அ... அதுவரைக்கும் யாரும் குறுக்க..."

"பேச முடியாதுண்ணா!" என்றேன். பார்த்தீர்களா? அவர் வாக்கியத்தை நானே முடித்தேன். அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை.

சிரித்துக்கொண்டே அவர் சொன்னார். "ஆ... ஆபீசுக்குப் போனா பாதியிலயே 'சரி சரி புரியுது'ம்பாங்க. டா... டாக்டருகிட்ட போனா எனக்கு எங்க வலின்னு அவரே சொல்லிருவாரு. நா... நாஞ் சொல்ல வந்தது எதுவும் வெளிய வந்ததில்லீங்க. இதுல என் வா... வாய்க்குள்ள யாரும் கைய உட முடியாதில்லீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அப்போதே அவரைச் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் அவர் மனைவி பாவாயியும் சேர்ந்தாள். "இவரு மட்டும் கோட்டைக்குப் போவாரு, நா ஊட்டுல கெடக்கோணுமாங்க?" என்பது அவள் கேள்வி. நியாயம்தானே?

வேஷம் பிரித்தபோது ஒரு ஆச்சரியம். பாவாயி யோசிக்கவே இல்லை. "எனக்குத் திருடி வேசங் குடுங்க. நெசத்துல தான் முடியறதில்ல" என்றாள். பொன்னுசாமி அண்ணனுக்கு மலையேறி, வேட்டைக்காரன் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார். "தூ... தூதன்."

கூட்டத்துக்காகப் பேசுகிற ஆள்! தங்கவேலு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தங்கவேலு அண்ணனைப் பார்த்தேன். பாவாயி யாரையும் பார்க்கவில்லை. "எழுதிக்கங்க அம்மிணி" என்றாள்.

பயிற்சி ஆரம்பித்தது. மலையில் நெட் ஏது? சனிக்கிழமை அரை நாள் லீவில் பாவாயி வீட்டுக்குப் போவேன். தங்கவேலு அண்ணனும் கடையைப் பூட்டிவிட்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி வண்டியில் வந்துவிடுவார். காலண்டர் அட்டையின் பின்பக்கம் கீபோர்டு வரைந்து கொடுத்தேன். பொன்னுசாமி அண்ணன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துவார். பாவாயி படித்தது எட்டாவது. ஆனால் மிளகு உருவுகிற விரலாயிற்றே... இரண்டே வாரத்தில் என்னை மிஞ்சிவிட்டாள்.

அடுத்து சண்டைப் பயிற்சி. கம்ப்யூட்டர் இல்லாததால் அதன் வேலையையும் நானே பார்த்தேன். "ராட்சசன் கதாயுதத்தை ஓங்குகிறான். என்ன செய்கிறீர்கள்?" என்பேன். ஆளாளுக்குத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும்.

ஒரு சீட்டும் வரவில்லை. பொன்னுசாமி அண்ணன் எழுதிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிங்க! ராட்சசன் வந்துட்டான்!"

"அவரு முடிக்கட்டுங்க" என்றாள் பாவாயி.

"அதுக்குள்ள அவன் கொன்னுடுவானே!"

"அதுக்குன்னு? ஒருத்தரு பேசறப்ப இன்னொருத்தரு எப்புடிங்க பேசறது?"

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இவர்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு ஆள் எழுந்து பேச ஆரம்பித்தால், அவர் உட்காரும்வரை அடுத்த ஆள் வாயைத் திறப்பதில்லை. அரை மணி ஆனாலும் சரி. எடுத்துக் கொடுப்பதும் கிடையாது, 'ம்... சொல்லு' என்று உசுப்புவதும் கிடையாது. ஊரில் பொன்னுசாமி அண்ணன் நிம்மதியாகப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். அந்தப் பழக்கத்தை அப்படியே ராட்சசனிடமும் கொண்டுவந்துவிட்டார்கள். சமவெளிக்காரரான தங்கவேலு அண்ணன்கூட, "ஊடு அவிக ஊடு... அவிக மொறப்படி இருப்போமுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

மூன்று முறை செத்த கதை இதுதான். நாலாவது முறை ராட்சசனை மெதுவாக நடக்க வைத்தேன். வேறு வழி?

கோட்டை திறக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பதினொரு மணிக்கு நாலு பேரும் நாலு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். பொன்னுசாமி அண்ணன் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. எனக்கு இடது பக்கம் அவர். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். சும்மாவா? ஊர் ஊராக இருக்கிற என் இன்டர்நெட் சிநேகிதர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள். மானம் போய்விடும்!

'யார் நீங்கள்? எதற்காக வந்தீர்கள்?' என்றது திரை.

போர்வீரன் முழங்கினான். திருடி நைஸாக ஒரு பொய் சொன்னாள். மருத்துவச்சி மூலிகைக் கூடையைக் காட்டினாள். அடுத்து தூதன்.

'நாங்கள்' என்று அடித்திருந்தார். அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். காவலர் எண்ண ஆரம்பித்தார். பத்து... ஒன்பது... எட்டு...

பொறுத்துப் பார்த்தேன். ஐந்து வரும்வரைதான் முடிந்தது. சட்டென்று கையை நீட்டி, அவர் விரலைத் தள்ளிவிட்டு, 'நாங்கள் வைரமுடியைத் தேடி வந்தோம்' என்று நானே அடித்து பட்டனைத் தட்டிவிட்டேன்.

'உள்ளே வாருங்கள்' என்று வந்தது.

தங்கவேலு அண்ணன் விசிலடித்தார். நானும் கை தட்டினேன். திரும்பிப் பார்த்தால்... பொன்னுசாமி அண்ணன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம் இல்லை. பழகிப்போன முகம். அதுதான் என்னைக் கொன்றது.

பாவாயி மெதுவாகத்தான் சொன்னாள். "கட்டிக்கிட்டுப் பதினாலு வருசமாச்சுங்க அம்மிணி. நா ஒரு நாளு அப்புடிப் பண்ணுனதில்லீங்க."

அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எந்த ஒரு இடத்தில் யாரும் வாய்க்குள் கையை விட முடியாது என்று நம்பி வந்தாரோ, அங்கேயே நான் கையை விட்டிருக்கிறேன். சீ, என்ன ஜென்மம் நான்!

'காவலரே, கடைசிப் பதில் தூதனுடையது அல்ல. மருத்துவச்சியாகிய நான் அடித்தது' என்று அடித்தேன். அத்தனை சிநேகிதர்களும் பார்க்கத்தான்.

'ஒருவர் பேச்சை மற்றவர் பேசக் கூடாது. வெளியே போய் அடுத்த வாரம் வாருங்கள்' என்று பதில் வந்தது. "ஏனுங்க! உள்ள போயிட்டம்லங்க!" என்று தங்கவேலு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து நேராகப் பொன்னுசாமி அண்ணனின் மிளகுக் காட்டுக்குப் போனேன். கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன் — நீளமாக, மூச்சு விடாமல். முழுக்கக் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கேட்டார். "நா... நா என்ன சொல்ல வந்தேன்னு கே... கேக்கவே இல்லீங்களே?"

கேட்கவில்லைதான்! எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்திருந்தேன். "சொல்லுங்கண்ணா."

"அ... அங்கயே வந்து சொல்றனுங்க."

அவர் திரும்ப வருவார்! எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கொஞ்சம் முன்னாடியே இறங்கி கோட்டைக்காவலருக்கு ஒரு மெயில் போட்டேன். எங்கள் தூதனுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், எண்ணாமல் இருக்க முடியுமா என்று. உடனே பதில் வந்தது. 'கோட்டை எங்கேயும் ஓடிவிடாது. வாருங்கள்.'

மறுபடி அதே கேள்வி, அதே மூன்று பதில்கள். பிறகு தூதன். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மூன்று நிமிஷம்... ஐந்து நிமிஷம்... வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், 'தூதன் தூங்கிவிட்டாரா?' என்று கேட்டார். பாவாயி டக்கென்று அடித்தாள் — 'இல்லை. பேசிக்கொண்டிருக்கிறார்.'

அதற்கப்புறம் ஒருத்தரும் எதுவும் எழுதவில்லை. முகம் தெரியாத முப்பது பேர் எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவது நிமிஷம் தூதனின் பதில் வந்தது.

'நாங்கள் வைரமுடிக்கு வரவில்லை. அது உங்களுடையது. போர்வீரனுக்கு வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. திருடி என் சம்சாரம். ஒரு மிளகுகூட எடுக்க மாட்டாள். மருத்துவச்சி அவசரக்காரி. ஆனால் தப்பு செய்தால் ஒத்துக்கொள்வார். மேகத்துக்கு மேல் கோட்டை எப்படி நிற்கிறது என்று பார்க்க வந்தோம். பார்த்துவிட்டுப் போய்விடுவோம். கதவைத் திறங்கள்.'

திரை முழுக்கக் கைதட்டல். கதவு திறந்தது.

"வைரமுடி வேண்டாமா? யாரக் கேட்டுங்க சொன்னீங்க?" என்று தங்கவேலு அண்ணன் பதறினார். பொன்னுசாமி அண்ணன் தன் வாக்கியத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷத்துப் பாக்கியோ... எனக்குத் தெரிந்து அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வந்தோம். மலை பஸ் நின்றிருந்தது. டிரைவர் டீ குடிக்கிறார் என்று நாங்களும் பக்கத்தில் நிழலில் நின்றோம். பொன்னுசாமி அண்ணன் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டு, "அ... அம்மிணி... ப... ப..." என்று ஆரம்பித்தார்.

பழைய நான் என்றால் பத்து வார்த்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். இப்போது நான் திருந்தியவள் இல்லையா? வாயை இறுக்க மூடிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்து, மரியாதையாகக் காத்திருந்தேன். பக்கத்தில் பாவாயியும் அப்படியே.

"ப... ப... பஸ் போ... போகுதுங்க."

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். எங்கள் பஸ் கிளம்பியதைப் பாவாயி முதலிலேயே பார்த்துவிட்டாளாம்!