நான் நீக்கச் சொன்ன வரி

அலுவலகத்தில் எனக்கு உப்புத்தாள் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் யாரும் சொன்னதில்லை. ஒருநாள் காபி எடுக்கப் போனபோது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்தவர் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்து, குறை சொல்லி, திருத்த வைத்து, திருப்தியானால் அடியில் பார்த்துச் சரி சொன்னவர் என்று என் பெயரைப் போடுவது என் வேலை. அந்தப் பெயர் இருந்தால் மறுபேச்சில்லாமல் நிரல் உள்ளே போய்விடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் நிறுவனம் இருக்கிறது. தொழிற்சாலை உலைகளின் வெப்பத்தைக் காட்டி, அதைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளைச் செய்கிறோம். உலையின் சூடு ஒரு கம்பி வழியாக மிகச் சிறிய மின்னழுத்தமாக வரும். அதை எண்ணாக மாற்ற ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பிடம் எப்படிப் பேச வேண்டும் என்று லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, சொல்லித்தருகிற நிரல்தான் டிரைவர். சிப்புக்கு வெளியே பல வாயில்கள் தெரிந்தாலும் உள்ளே அளப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு வாயிலை அளந்துவிட்டு அடுத்ததற்குத் தாவும்.

அந்தச் சிப்புக்கான டிரைவரை எழுதியவர் என் வயதுதான், அதிகம் பேசாதவர். மூன்று வருடத்துக்கு முன் அவர் நிரல் என் மேசைக்கு வந்தபோது நடுவில் ஒரு வரி உறுத்தியது. வாயில் மாறியதும் ஒருமுறை படித்து, வந்த எண்ணை எறிந்துவிட்டு, மறுபடி படிக்கச் சொன்னது அந்த வரி. ஏன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. ஒரே எண்ணை எதற்கு இரண்டு தடவை படிக்க வேண்டும், இது வீண், நீக்கவும் என்று எழுதினேன். மறுநாள் காலை வரி காணாமல் போயிருந்தது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு பெட்டியைச் சோதித்தோம். எங்கள் சோதனை மேசையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனியாக மின்சாரம் கொடுத்தால் நேரம் பிடிக்கும் என்று எல்லா வாயில் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி ஒரே சப்ளையில் மாட்டிவிடுவோம். குமிழைத் திருகினால் எல்லா எண்களும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். அன்றும் அப்படித்தான் ஏறி இறங்கின. என் பெயரைப் போட்டேன். எங்கள் பெட்டிக்குள் மட்டுமல்லாமல் உலகம் முழுக்கப் பொதுவான கெர்னலுக்குள்ளும் அந்த டிரைவர் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆவடியில் இறங்கி இனிப்பு வாங்கினேன்.

போன வருடம் எஸ்டேட்டின் பின்பக்கம் உள்ள ஒரு பட்டறையிலிருந்து புகார் வந்தது. கியர்களை உலையில் சுட்டு உறுதியாக்குகிற இடம். அவர்களிடம் அடுத்தடுத்து இரண்டு உலைகள், இரண்டையும் கவனிக்க எங்கள் பெட்டி ஒன்று. இரண்டாவது உலையில் வெந்த கியர்கள் விரிசல் விட்டிருந்தன. சோதனைக்கூடம் சூடு அதிகம் என்றது. பெட்டியின் பதிவோ சூடு சரியாகத்தான் இருந்தது என்றது. பெட்டியில் கைவைத்ததாக உலை ஆபரேட்டர் மேல் பழியைப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பெட்டி சுத்தம் என்று எழுதி வாங்கிவர மேனேஜர் என்னை அனுப்பினார்.

பட்டறை முதலாளி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மனுஷன் பொய் சொல்வான், மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. இருந்தும் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பதிவை என் கணினிக்கு மாற்ற நேரமானதால், சும்மா இருக்காமல் ஷிப்டு நோட்டைப் புரட்டினேன். குறிப்பு என்ற கடைசிக் கட்டம் மற்றவர்களின் பக்கங்களில் காலியாகக் கிடந்தது. ஒருவருடைய கையெழுத்து மட்டும் அதில் திரும்பத் திரும்ப வந்தது. '1 கதவு திறந்தால் 2 இறங்குது.' நான்கு நாள் கழித்து அதே வரி. அடுத்த வாரமும் அதே வரி. ஒருநாள் அடியில் கோடு வேறு போட்டிருந்தார். அந்தக் கட்டத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அங்கிருந்தவரிடம் முதல் உலையின் கதவைத் திறக்கச் சொன்னேன். முதல் எண் சடசடவென்று இறங்கியது. மூடியே இருந்த இரண்டாவது உலையின் எண்ணும் கூடவே சாய்ந்தது. அது இறங்கியதை நம்பி, இரண்டாவது உலைக்கு இன்னும் சூடு ஏற்ற ஆரம்பித்தது எங்கள் பெட்டி. முதல் எண்ணை எறியச் சொன்ன அந்தப் பழைய வரி எதற்கு இருந்தது என்று அங்கே நின்றபடி புரிந்தது. வாயில் மாறினாலும் முந்தையதன் மிச்சம் கொஞ்சம் சிப்புக்குள் தங்கும். சாம்பார் கரண்டியை அப்படியே ரசத்தில் விடுவது போலத்தான். முதல் எண்ணை எறிந்தால் கரண்டியைக் கழுவினதாக ஆகும். எல்லா வாயிலுக்கும் ஒரே மின்சாரம் கொடுத்துச் சோதித்த எங்களுக்கு இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. சாம்பாரில் சாம்பார் கலந்தால் யாருக்குத் தெரியும்?

டிரைவரை எழுதியவர் இப்போது கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருக்கிறார். அவரைப் போனில் கூப்பிட்டேன். சிப் செய்தவர்கள் தரும் டேட்டாஷீட்டில் ஒரு அடிக்குறிப்பு இருந்தது, அதைப் பார்த்துத்தான் போட்டேன் என்றார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நான் கேட்டது அபத்தம்தான், கேட்டுவிட்டேன். நீங்கள் வீண் என்று எழுதியிருந்தீர்களே, உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றார். குரலில் வருத்தம் இருந்தது, குத்தல் இல்லை. குத்தியிருந்தால் தேவலை.

முதலாளி யோசித்து யோசித்து ஆபரேட்டரின் நம்பரைக் கொடுத்தார். அவர் வீடு நசரத்பேட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில். சனிக்கிழமை பகலில் போனேன். ஐம்பது வயதிருக்கும். மனைவி செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போயிருந்தார். இவருக்கு வேலை போன இரண்டு மாதமாக அந்த ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு அவர் கதவோரம் நின்றார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எழுதி வெச்சேன் மேடம். வாயாலயும் சொல்லிக்கினே இருந்தேன். இன்னாடா மிசினுக்கு மேல நீ கண்டுட்டியான்னாங்க. அன்னிக்கு உள்ள பாத்தேன், சரக்கு வெளுத்துக்கினு கீது. அந்தக் கலரு அந்த சூட்டுக்கு வராது. வேல போனது கூட பரவால்ல. என் கண்ணு தப்புன்ட்டாங்க, அதான்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தப்பு பெட்டியில்தான், ஒருத்தர் சரியாக ஒரு வரி எழுதியிருந்தார், அது வீண் என்று எடுக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை, ஒன்று கேட்டார்.

"இன்னாத்துக்கு போட்டாருன்னு அவர கேட்டீங்களா?"

"கேட்கலைண்ணா."

"என்னியும் அங்க யாரும் கேக்கல" என்றார்.

திங்கட்கிழமை பட்டறைக்கு ஒரு கடிதம் தயார் செய்தேன். தவறு எங்களுடையது, ஆபரேட்டர் சொன்னது சரி, அவ்வளவுதான். மேனேஜர் அதை அனுப்ப விடவில்லை. நாமே ஒப்புக்கொண்டால் கெட்டுப்போன கியருக்கெல்லாம் நம் தலையில்தான் விடியும், துல்லியம் கூட்டப்பட்டிருக்கிறது என்று எழுதிப் புது மென்பொருளைக் கொடுத்துவிடுவோம் என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அப்படி எழுதினால் பெட்டி பிழைக்கும், நசரத்பேட்டையில் ஒருவர் பொய்யனாகவே நிற்பார்.

ஆனால் டிரைவர் எங்கள் கையில் மட்டும் இல்லை. பொதுக் கெர்னலுக்குள் இருப்பதைத் திருத்த வேண்டும் என்றால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் திருத்த வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. எது கெட்டது, எந்தப் பழைய மாற்றத்தால் கெட்டது, பிழையை முதலில் கண்டு சொன்னவர் யார் என்று மூன்றையும் திருத்தத்தோடு எழுத வேண்டும். மழுப்பலுக்கு அங்கே இடமில்லை. பழைய மாற்றத்தைக் குறிப்பிட்டால் அதன் அடியில் என் பெயர் நிற்பதை யாரும் பார்க்கலாம். கண்டு சொன்னவர் என்ற இடத்தில் வாடிக்கையாளர் என்று போடச் சொன்னார் மேனேஜர். நான் ஆபரேட்டரின் பெயரை முழுதாகப் போட்டேன். முதலெழுத்துகூட விடவில்லை.

கெர்னலின் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் இரண்டு நாளில் பதில் போட்டார். திருத்தம் சரி, ஆனால் முதல் எண்ணை ஏன் எறிகிறோம் என்று அந்த வரிக்கு மேல் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வீண் என்று எடுத்துவிடுவார்கள் என்று இருந்தது. அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. எழுதிவைத்தேன்.

திருத்தம் ஏற்கப்பட்ட பக்கத்தை அச்செடுத்து நசரத்பேட்டைக்குக் கொண்டுபோனேன். அவருக்கு இங்கிலீஷ் அதிகம் வராது, தன் பெயர் மட்டும் தெரிந்தது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, மீதியை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முதலாளியிடம் நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பின் ஒரு வாரம் ஒரு தகவலும் இல்லை. மேனேஜர் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்தியிருந்தார். புது டிரைவரை நாங்கள் கொடுத்து, பட்டறையில் அதை ஏற்றியும் விட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது. பின்னால் உலையின் இரைச்சல்.

"மேடம், டூட்டில கீறேன். போன வெக்காதீங்க" என்றார். சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. முதல் உலையின் கதவு மேலே போவது எனக்குத் தெரிந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒண்ணு எறங்குது. ரெண்டு நவுரல. அப்படியே நிக்கிது."

ரொம்ப சந்தோஷம்ணா என்றேன். இதை உடனே எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்று கேட்டேன்.

"நீங்க ஒருத்தர்தான ஊட்டுக்கு வந்து கேட்டீங்க" என்றார்.