தாளம் தாண்டி விழுந்த அடி

ரசிகர் மன்றத்தில் என்னிடம் கருத்துக் கேட்டது கேலிக்காகத்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஆவடியில் ஒரு வீடியோ கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் ஆவடியை ஒட்டிய எங்கள் கோவில்பதாகையில் என் பெயரே போய் 'படிச்சவன்' என்றாகியிருந்தது. கடையில் இரண்டு டெக். ஒன்றில் படத்தை ஓட்டி, வேண்டிய துண்டுகளை மட்டும் இன்னொன்றில் பதிந்து, மேலே வேறொரு பாட்டை ஏற்றினால் தலைவர் பிறந்தநாளுக்கு ஒரு கேசட் தயார். கேபிள்காரர் அன்று அதை ஏரியா முழுக்க ஓட்டுவார். இரண்டு வருடம் அதைச் செய்தது நான்.

அடுத்த வருடம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவன் மன்றத்தில் வந்து சேர்ந்தான். மதுரைப் பக்கத்துக் குடும்பம். அவன் வீட்டிலேயே இரண்டு டெக் இருந்தன. "இந்த வாட்டி தம்பி செய்யட்டும்" என்றார் மன்றச் செயலாளர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கேசட் கேபிளில் வரப்போகிறது என்று அவன் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். ஓடாவிட்டால் அங்கே தலைகாட்ட முடியாது.

பிறந்தநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மன்றத்துத் தகரக் கொட்டகையில் போட்டுக் காட்டினான். படம் பளிச்சென்று இருந்தது. துணிச்சலாகவும் இருந்தது. வில்லன் தலைவரை ஓங்கி அறைகிறான். தலைவர் திரும்புகிறார், திருப்பி அடிக்கிறார். இரண்டுக்கும் பாட்டில் இரண்டு பெரிய தாளம். அறை சரியாகத் தாளத்தில் விழுந்தது. திருப்பி அடித்தது தாளம் முடிந்த பிறகு விழுந்தது.

விசில் அடங்கியதும் செயலாளர் என் பக்கம் திரும்பினார். "இன்னா படிச்சவரே, வாயத் தொறக்காம குந்திகினு கீற? எப்டி கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, நல்லதை முதலில் சொன்னேன். கலர் எங்கும் கரையவில்லை. ஒட்டு தெரியவில்லை. பிறகு சொன்னேன்: "அறைதான் தாளத்துல நிக்குது தம்பி. அடி பின்னாடி போயிடுச்சு. பாக்கறவன் மனசுல அறைதான் தங்கும்."

"எரியுதா மாமே?" என்று யாரோ ஒருவன் கத்தினான். "தண்ணி ஊத்துங்கடா!"

கேசட் செய்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒங்க கேசட்ட நானும் பாத்தேன். தலைவரு நடக்குறாரு, நடக்குறாரு, நடந்துக்கிட்டே இருக்காரு. டாக்டரு நடக்கச் சொன்னாரா?"

கொட்டகை அதிர்ந்தது. நான் விடவில்லை. "பாஸ் பட்டன அமுக்கினாலும் டெக் உடனே நிக்காது. இன்னும் கொஞ்சம் பதிஞ்சிட்டுதான் நிக்கும். அந்தக் கொஞ்சத்துலதான் அடி தள்ளிப் போச்சு. முன்னாடியே அமுக்கணும்."

"மெசினு மேல பழி போடாதீங்க."

"அப்போ உன் கை மேல போடவா?"

சட்டையைப் பிடிக்க வந்தான். நான் விலகிப் போய் கேசட்டை ரீவைண்ட் செய்து மறுபடி ஓட்டினேன். இரும்பு நாற்காலியில் கையால் தாளம் தட்டினேன். அறையும் தட்டும் ஒன்றாக விழுந்தன. அடுத்த தட்டு காலியாக விழுந்தது. திரையில் தலைவர் அறை வாங்கிய கன்னத்தோடு நின்றுகொண்டிருந்தார். இந்த முறை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. பிறகு அவன் மேல் பாய்ந்தார்கள்.

"டேய், தலைவர அடிச்சிட்டு அதுக்குத் தாளம் வேற போடுறியா?"

"எதிர் மன்றத்துக்காரன் அனுப்பிச்ச ஆளு நைனா இவன்!"

"அந்த அறையே வாணாம், தூக்கிக் கடாசு" என்றார் செயலாளர்.

"அறை இல்லேன்னா அடி எதுக்குண்ணே?" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது, ஆனால் இறங்கவில்லை. "அது இல்லாம நான் தர மாட்டேன்."

அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் அவன் சொன்னது சரி. "அறைய எடுக்காதீங்க அண்ணாத்தே" என்றேன். "அடிய முன்னாடி கொண்டாந்தா போதும்."

"நீ மூடு. மூட்டி உட்டதே நீதான்." செயலாளர் டெக்கிலிருந்து கேசட்டை உருவி அவன் மடியில் எறிந்தார்.

மறுநாள் அவன் கடைக்கு வந்தான். கவுண்டருக்கு வெளியிலேயே நின்றான். "எப்ப அமுக்கணும்?"

"கை கன்னத்துல படும்போதே. பட்டப்புறம் இல்ல."

போய்விட்டான். நன்றி என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

பிறந்தநாளன்று எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டு வாசலில் எல்லோரும் கூடினோம். பாட்டு தொடங்கியது. அவன் சரிசெய்த கேசட் வரும் என்று நினைத்தேன்; வந்தது போன வருடத்து என் கேசட். செயலாளர் எவரிடமும் சொல்லாமல் கேபிள்காரரிடம் அதையே கொடுத்திருக்கிறார். தெருவே விசிலடித்தது. "படிச்சவன் கேசட்டுடா!" என்று என் முதுகில் அறைந்தார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அவன் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். இறங்கவில்லை.

"சந்தோசமா?"

"நான் குடுக்கல."

"நீ குடுக்க வேணாம். நாக்கால செஞ்சு முடிச்சுட்டீல்ல." அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். "குவார்ட்டர்ஸ்ல அம்புட்டுப் பேரும் எங்க வீட்டுல வந்து உக்காந்திருந்தாய்ங்கடா. எங்க அப்பா டிவிய அமத்திட்டுப் போயிட்டாரு."

எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டேன். "அடி சரியா விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"கடைக்குக் கொண்டா. பாக்கறேன்."

"ஒனக்கு எதுக்குக் காட்டணும்?" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனான்.

அதன் பிறகு அவன் மன்றத்துக்கு வரவில்லை. நானும் கேசட் செய்வதை நிறுத்திவிட்டேன். அந்த அடி தாளத்தில் எப்படி விழுந்தது என்று நான் இன்றுவரை பார்க்கவில்லை.