நோர்வேச் சேற்றில் ஒரு செம்மறி

போன சனிக்கிழமை இங்கே கனடாவில், மார்க்கம் நகரில் ஒரு தமிழ்க் கடை வாசலில் ஒரு வாசகி என்னை மறித்துப் பிடித்தா. ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, மற்றக் கையில் போன்.

"அக்கா, நீங்கள் நோர்வேக்குப் போன படங்கள் பாத்தனான். மலை, ஏரி எல்லாம் நல்ல வடிவு. ஆனா இந்தப் படத்திலை... அண்ணை ஏன் சேத்துக்குள்ளை குப்புறப் படுத்திருக்கிறார்?"

நியாயமான கேள்வி. ஆனால் பார்க்கிங்கில் நின்று சொல்லி முடிக்கிற கதையா அது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கணவரைப் பற்றி. ஸ்ரௌவ்வில்லில் வீடு, மிசிசாகாவில் வேலை, பாதி வாழ்க்கை ஹைவேயில். அவருக்கு நடை என்றால் காரில் இருந்து கடைக்கதவு வரைக்கும்தான். அதையும் குறைக்க வேண்டுமென்று, கதவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகும்வரை பிளாசாவைச் சுற்றிச் சுற்றி வருவார்.

இவரின் தங்கை சாந்தினி, இவருக்குச் சாந்தி, எனக்கு மச்சாள், நோர்வேயில் இருக்கிறா. ஒஸ்லோவில் இல்லை. அங்கிருந்து ரயில் ஏறிப் போனால் வருகிற ஒரு பள்ளத்தாக்கில். இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்கக் காடு, காட்டுக்குள் ஏரிகள். அந்த ஊரில் தமிழ் வீடு என்றால் அவவின் வீடு ஒன்றுதான். "வாங்கோ, வாங்கோ" என்று எத்தனையோ வருசமாகக் கூப்பிட்டும், இந்தக் கோடைக்குத்தான் எங்களுக்குப் போகக் கிடைத்தது.

போன முதல் ஞாயிறு காலை. மச்சாள் சப்பாத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறா.

"வாங்கோ மச்சாள், ஒரு சின்ன நடை போட்டு வருவம்."

சோபாவில் இருந்தபடியே இவர் கேட்டார். "சின்ன நடையெண்டா?"

"சின்னன்தான் அண்ணை. உந்த மலைக்கு மேலை போய் வாறது."

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். மலையின் உச்சி முகிலுக்குள் இருந்தது.

வெளிக்கிட்டோம். இவர் காலில், சேலில் வாங்கிய வெள்ளை ரன்னிங் ஷூ. காட்டுப்பாதை ஊசியிலை விழுந்து மெத்தைபோல இருந்தது. வழி தவறாமல் இருக்கக் கற்களிலும் மரங்களிலும் சிவப்புப் பெயின்ரில் ஆங்கில 'T' எழுத்து போட்டிருக்கிறார்கள்.

"மேலை தேத்தண்ணிக் கடை இருக்கோ?" என்று இவர் ஆசையோடு கேட்டார்.

இல்லை. பிளாஸ்க்கில் மச்சாள் கொண்டுவந்ததுதான்.

எதிரே இறங்கி வருகிற சனமெல்லாம் 'ஹை, ஹை' என்று சிரித்துக்கொண்டு போகுது. எனக்கு ஆச்சரியம். "பஸ்ஸிலை பக்கத்திலை இருந்தாலும் வாய் திறவாத ஆக்கள் மச்சாள். மலையிலை கண்டா மட்டும் சொந்தக்காரர்!" என்றா சாந்தினி. எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரை நான் கராஜ் கதவு மூடுகிற நேரத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்... அதுவும் முழங்காலுக்குக் கீழே!

ஓர் ஏரியைத் தாண்டினோம். மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. இவருக்கு மூச்சு வாங்கியது. "நான் இதிலை இருக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று ஒரு கல்லில் குந்திவிட்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கழுத்து மணி ஒன்று விட்டு விட்டு அடித்தது. கூடவே ஒரு குட்டி விடாமல் கத்தியது.

பாதைக்குப் பக்கத்தில் சதுப்பு நிலம். பார்த்தால் பச்சைப் புல், காலை வைத்தால் சேறு. கோடையில் இந்த மலைகளில் செம்மறிகளை அவிழ்த்து விட்டுவிடுவார்களாம். அப்படி வந்த தாய்ச் செம்மறி ஒன்று வயிறு வரைக்கும் புதைந்துபோய் நிற்குது. கரையில் அதின் குட்டி, அங்குமிங்கும் ஓடி ஓடிக் கத்துது.

மச்சாளுக்கு அது யாருடைய ஆடு என்று தெரியும். சின்ன ஊர்தானே. போன் எடுத்தா. "வாறாராம். ஆனா மற்றப் பக்கத்து மேய்ச்சல்லை நிக்கிறார், கனநேரம் செல்லும்." அவவின் முகம் மாறியது. "தண்ணி சரியான குளிர் மச்சாள். அவர் வாறதுக்கிடையிலை இது செத்துப்போம்."

நான் திரும்பிப் பார்க்கிறேன். கல்லில் குந்தியிருந்த மனுசனைக் காணவில்லை!

பாதையில் நடப்பதற்குப் போட்டிருந்த பலகை ஒன்றை இழுத்துக்கொண்டு வருகிறார். அதைச் சேற்றின்மேல் போட்டார். ஜாக்கெட்டைக் கழற்றினார். பலகையில் குப்புறப் படுத்து, ஆட்டை நோக்கி ஊர்ந்தார்.

"என்னப்பா செய்யிறியள்? உங்களுக்கு ஏதும் நடந்தா?"

"கதைக்காதையும். காலைப் பிடியும்!"

ஒரு காலை நான் பிடித்தேன், மற்றதை மச்சாள். இவர் ஜாக்கெட்டை ஆட்டின் நெஞ்சுக்குக் கீழே விட்டு, ஜாக்கெட்டின் இரண்டு கையையும் சேர்த்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். அது மிரண்டு உதறியது. இவரின் முகமெல்லாம் சேறு.

"வாம்மா... வா பிள்ளை... பயப்பிடாதை, வா..."

"அண்ணை, அது நோர்வே ஆடு. தமிழ் விளங்காது!"

"அந்தர ஆபத்திலை எல்லாப் பாசையும் விளங்கும். இழுங்கோ!"

இழுத்தோம். அசையவில்லை. இன்னொருமுறை இழுத்தோம். இவரின் ஷூ ஒன்று என் கையோடு கழன்று, சேற்றுக்குள் விழுந்து போயே போய்விட்டது. ஆடு தலையைச் சேற்றில் சாய்த்தது. குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

"விடாதை சாந்தி! இப்ப, இப்ப!"

எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. 'பொளக்' என்று ஒரு சத்தம். நாங்கள் மூவரும் சேற்றில் உருண்டு விழ, எங்களுக்கு மேலே ஒரு முழுச் செம்மறி!

கொஞ்ச நேரம் அது அப்படியே கிடந்தது. பிறகு நடுங்கி நடுங்கி எழும்பியது. உடம்பை ஒரு உதறு உதறி, மிச்சச் சேற்றையும் எங்களுக்கே தந்துவிட்டு, திரும்பியும் பாராமல் குட்டியிடம் போனது. இவர் மட்டும் எழும்பாமல் குப்புறக் கிடந்து சிரித்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் மச்சாள் எடுத்ததுதான் அந்தப் படம்.

மலைப்பாதையில் ஓடுகிற ஒரு சின்ன வண்டியில், அரக்கப் பரக்க நாயோடு வந்து சேர்ந்தார் ஆட்டுக்காரர். தாயையும் குட்டியையும் தடவிப் பார்த்தார். பிறகு இவரின் சேற்றுக் கையை இரண்டு கையாலும் பிடித்து, "தூசன் தக்! தூசன் தக்!" என்றார்.

இவர் மெல்ல என் காதுக்குள் கேட்டார். "உதவி செய்த எனக்கு ஏன் இந்தாள் தூசணம் பேசுறான்?"

ஆயிரம் நன்றி என்று அர்த்தமாம்! மச்சாள் சொல்லிவிட்டு, சிரிப்புத் தாங்காமல் நிலத்தில் இருந்துவிட்டா.

இனி இறங்குவோம் என்று நினைத்தேன். ஆட்டுக்காரர் தன் வண்டியில் இருந்து ஒரு சோடி ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தார். இவருக்கு இரண்டு சைஸ் பெரிது. அதைப் போட்டுக்கொண்டு கேட்டார். "சாந்தி, மேலை இன்னும் கனதூரமோ?"

ஏறினோம். உச்சியில் முகில் விலகியிருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. காட்டுக்கு நடுவில் ஒன்று, இரண்டு என்று ஏரிகள் மினுங்கின. இவர் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு காலமும் நீ தனியவோ இதிலை ஏறித் திரிஞ்சனீ?"

"ஓம் அண்ணை. வந்த புதுசிலை ஒருத்தரையும் தெரியாது, பாசையும் தெரியாது. வீட்டுக்குள்ளை இருந்தா அழுகை வரும். அதுதான் நடக்க வெளிக்கிட்டனான். மேலை வந்தா நாலு பேர் 'ஹை' சொல்லுவினம். அது போதும், அந்தக் கிழமை முழுக்க ஓடிடும்."

இவர் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி, முதலில் தங்கையிடம் நீட்டினார்.

எங்கள் ஸ்ரௌவ்வில் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு காட்டுப்பாதை இருக்கிறது. காரில் போகும்போது அதன் போர்ட்டை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். போன ஞாயிறுதான் முதல்முதலாக உள்ளே போனோம். எதிரே வந்த எல்லோருக்கும் இவர் 'ஹை' சொன்னார். ஒருவர் நின்று கதைத்தார். அவர் யார் தெரியுமா? எங்கள் பக்கத்துத் தெரு... அதுவும் தமிழர்!

சொல்ல மறந்துவிட்டேன். மலையால் இறங்கி வந்த அன்று பின்னேரம், ஆட்டுக்காரர் மச்சாள் வீட்டுக் கதவைத் தட்டினார். நன்றிக்கு ஒரு பெரிய பார்சல். பிரித்தால், ஃப்ரீசரில் இருந்து எடுத்த செம்மறித் தொடை!

"சாந்தி... இது அதின்ரை சொந்தக்காரரோ?" என்று கேட்ட இவர், அன்றைக்குப் பருப்போடு மட்டும் சோறு சாப்பிட்டார்.

நானும் மச்சாளும் கறி வைத்தோம். உண்மையைச் சொல்லவேண்டும்... நல்ல ருசி!