அப்பாவின்ரை ரெண்டு கலியாண நாள்

எண்பத்தாறெண்டு நினைக்கிறன். இல்லை, எண்பத்தேழு. இந்தப் பனி நாட்டுக்கு வந்த முதல் வரிசம் என்ரை பனிச்சப்பாத்து பெரிசு, அந்த வரிசம் காலுக்குச் சரியாயிருந்தது. மல்வேர்னிலை ஒரு பேஸ்மென்ரிலை அப்பாவும் நானும் இருந்தம். அம்மா ஊரிலை. அவவைக் கூப்பிட அப்பா ஸ்பொன்சர் போட்டிருந்தார்.

ஒருநாள் குடிவரவுக் கந்தோரிலையிருந்து கடிதம் வந்தது. போமிலை அப்பா எழுதின கலியாணம் வைகாசியிலை. ஊரிலையிருந்து வந்த பதிவுத் துண்டிலை அதுக்கு முந்தின ஆவணி. விளக்கம் குடுக்காட்டி அலுவல் நிக்குமாம். எங்கடை ஆக்கள் முதல் எழுத்து எழுதுவினம், அதுதான் பதிவு, தாலி பிறகு நாள் பாத்து. அதுவரைக்கும் பொம்பிளை தாய்வீட்டிலைதான். பிறகு ஆவணியிலை கலியாணமெண்டு அப்பா எப்பிடி எழுதுவார்? தன்னைப் பொய்யனெண்டு நினைச்சிட்டாங்களெண்டு அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை.

மேலை இருந்த வீட்டுக்கார அன்ரி இங்கிலாந்திலை பிறந்த மனுசி, புருசன் இல்லை. குசினி மேசை முழுக்கக் கடதாசி. தன்ரை பரம்பரையைத் தேடிக்கொண்டிருந்தவ. செத்த ஆக்களுக்கு உவ்வளவு கடதாசி ஏனெண்டு நான் நினைக்கிறனான். படிப்பு எனக்கு அண்டைக்கும் ஏறேல்லை, இண்டைக்கும் ஏறேல்லை. வாயாலை இங்கிலீசு வரும். அதாலை கடிதத்தோடை மேலை போனன், அப்பா பின்னாலை வந்தார்.

வாசிச்சுப்போட்டு அவ ரெண்டு கடதாசியை எடுத்து வைச்சா. ஒண்டு சேர்ச் புத்தகத்து நகல், மற்றது அரசாங்கப் பதிவு. அவவின்ரை பாட்டனும் பாட்டியும் பதிவுக் கந்தோரிலை ஒருக்காக் கட்டி, அடுத்த வரிசம் சேர்ச்சிலையும் கட்டினவையாம்.

"வீட்டிலை சேர்ச் நாளைத்தான் சொல்லுவினம். அதை நம்பி, அரசாங்கப் பதிவை மூண்டு வரிசம் பிழையான ஆண்டிலை தேடினனான். உன்ரை அப்பா பொய் சொல்லேல்லை. ரெண்டு நாளையும் எழுதுவம், ஏனெண்டும் எழுதுவம்."

என்ன மூளை அந்த மனுசிக்கு. எங்கடை ஊரைக் கண்ணாலை காணாதவ, எங்கடை எழுத்தை அஞ்சு நிமிசத்திலை பிடிச்சிட்டா. தட்டச்சிலை அடிக்கேக்கை நடுவிலை கேட்டா, எழுத்துக்கும் தாலிக்கும் இடையிலை அந்த ஒன்பது மாதமும் இவர் என்ன செய்தவரெண்டு. நான் அப்பாவைக் கேட்டன்.

அவர் நிலத்தைப் பாத்தார். "பின்னேரத்திலை கொம்மா வீட்டு வேலியடியாலை சைக்கிளிலை போவன். இறங்க மாட்டன்."

நான் அதை இங்கிலீசிலை சொல்லச் சொல்ல அன்ரி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. "உதையும் எழுதுவம்," எண்டா.

அடுத்த பனிக்கு முதல் அம்மா வந்திட்டா. எயார்போட்டிலை அப்பா கிட்டப் போகேல்லை. பெட்டி வண்டிலைத் தள்ளிக்கொண்டு அங்காலையும் இங்காலையும் நடந்தார். எனக்குச் சரியான கோவம். அம்மா கடதாசியிலை மட்டும் பெண்சாதியா இருந்தது அவருக்கு இது ரெண்டாந்தரமெண்டு அப்ப எனக்கு விளங்கேல்லை.