நூற்று எண்பத்து நான்கு வோல்ட்டில் ஒரு கேக்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தவரை என் மனைவி செய்த கேக் ஒன்றுகூட அமுங்கியதில்லை. எனக்கு மாற்றலாகி, சிதம்பரத்தில் ஒரு தெருவின் கடைசி வீட்டுக்குக் குடிவந்த பிறகு, வரிசையாக நான்கு கேக் நடுவில் குழி விழுந்தன. அதே மின்சார ஓவன், அதே தட்டு, அதே அளவு. மாவையும் சர்க்கரையையும் தராசில் நிறுத்துக் கொடுத்தவன் நான் என்பதால், குறை கலக்கியதில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அதை அவளிடம் சொல்லியும் விட்டேன்.

நான்காவது கேக்கை மேசையில் வைத்துவிட்டு அவள் தன் தம்பிக்குப் போன் செய்தாள். ஞாயிறன்று குமராட்சியில் அவன் மகளுக்கு முதல் பிறந்தநாள். கேக் அத்தை கையால்தான் என்று எப்போதோ பேசி வைத்திருந்தார்கள்.

“கடையில சொல்லிடுடா. எனக்குக் கைப்பக்குவம் போயிடுச்சி.”

தம்பி எலக்ட்ரீஷியன். வெள்ளிக்கிழமை மாலையே மினிபஸ் பிடித்து, கருவிப் பையோடு வந்து நின்றான்.

“என்னா மாமா, எங்க அக்காவ என்னா சொன்னீங்க?”

“கலக்குனது சரியில்லன்னேன்.”

“அது வேறயா! அக்கா, சூடு ஏறுனதும் ஓவன்ல லைட்டு அணையுமே, அணையுதா?”

“இங்க வந்ததுலேருந்து அணையவே இல்லடா.”

தினமும் மழை அளவு வரை குறித்துவைக்கும் நான் இதைக் கவனித்திருக்கவில்லை.

ஓவனை ஓடவிட்டு அளந்தான். மின்னழுத்தம் 184 வோல்ட். ஒயரைக் கவ்விப் பிடிக்கும் மீட்டரில் மின்னோட்டம் 5.2 ஆம்பியர்.

“இருநூத்தி முப்பதுல நாப்பத்தாறு கம்மி. அஞ்சுல ஒரு பங்கு. அவ்ளோ நேரம் ஜாஸ்தியா வெச்சாப் போச்சி,” என்றேன்.

“அவசரப்படாதீங்க மாமா. கணக்குப் போடுங்க.”

போட்டேன். 184ஐ 5.2ஆல் வகுத்தால் மின்தடை 35.4 ஓம். ஓவன் அட்டையில் இருந்த 230 வோல்ட், 1500 வாட்டை வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதேதான். ஆக, சூடேற்றும் கம்பி நன்றாகவே இருந்தது. அடுத்து, 184ஐ 5.2ஆல் பெருக்கினேன். 957 வாட். அழுத்தம் குறைந்ததால் ஓட்டமும் அதே பங்கு குறைந்து, இரண்டும் சேர்ந்து திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிட்டிருந்தன.

“பொங்குன மாவு வேகறதுக்குள்ள அமுங்கிடுது. அவ்ளோதான்,” என்றான் தம்பி.

அவள் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். “அப்ப, கலக்குனது?”

“சரிதான்.”

“காதுல விழல.”

“கலக்குனது சரிதாம்மா!”

தம்பி மீட்டரை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். சனிக்கிழமை விடியலிலிருந்து மணிக்கொரு முறை அளந்தேன். தெருவில் மோட்டாரும் ஏசியும் ஓடத் தொடங்கும் மாலையில்தான் அழுத்தம் சரிந்தது. காலை ஐந்தரைக்கு 228 இருந்தது. இத்தனை நாளும் வேலை முடிந்து வந்து, மாலையில்தான் அவள் கேக் செய்துகொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஓவனைப் போட்டாள். பதினான்காவது நிமிடம் அந்தச் சின்ன விளக்கு அணைந்தது. “அணைஞ்சிடுச்சிங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மினிபஸ்ஸில் கேக் பெட்டி அவள் மடியில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன்.

“நீங்க ஒண்ணும் புடிக்க வேணாம். கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, இடிக்குது.”

தள்ளி உட்கார்ந்தேன்.