மாப்ள வண்டிக்கு வழி விடு: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

போன கட்டுரைக்குக் கீழே பின்னூட்டத்தில் நடந்த சண்டையால்தான் இந்தப் பயணம். விஜயவாடாவிலிருந்து சென்னைக்குப் புது வேக ரயிலில் வந்ததைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். நெல்வயல், ஆறு, சின்னச் சின்ன ஸ்டேஷன் எல்லாம் பட்டுத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனதை எழுதினேன். சென்னைக்குள் நுழையும்போது ஓரமாக நின்றிருந்த லோக்கல் வண்டியிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் கண்ணாடிக்குள்ளிருந்து ஆட்டினேன். 'வேக ரயிலைப் பார்த்தால் யாருக்குத்தான் கையாட்டத் தோன்றாது' என்று அதற்கும் ஒரு வரி போட்டிருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். இதற்கே இப்படி என்றால் அதிவேக ரயில் வந்தால் எப்படி இருக்கும், எத்தனை கோடி ஆனாலும் போடட்டும் என்று முடித்தேன். பிடித்துக்கொண்டார்கள். "அந்தக் காசுக்கு எத்தனை லோக்கல் வண்டி விடலாம் தெரியுமா? நீங்கள் எப்போதாவது வடசென்னை லோக்கலில் ஏறியிருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். "அப்போ நாம ஆயுசுக்கும் உருட்டிக்கிட்டேதான் போகணுமா?" என்று இன்னொருவர் அவர்மேல் பாய்ந்தார். நான் இரண்டாமவர் கட்சி. ஆனாலும் முதல் கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூர்க்காரி நான், ஏறியதே இல்லை.

ஜனவரியில் தண்டையார்பேட்டையில் இருக்கும் தோழி வீட்டுக்கு வந்தபோது ஒரு புதன்கிழமை சும்மா கிடைத்தது. அவளிடம் எண்ணூர் போய் வருகிறேன் என்றேன். "அங்க இன்னாடி கீது?" என்று கேட்டுவிட்டு இட்லி கட்டிக் கொடுத்தாள்.

தண்டையார்பேட்டையிலேயே ஏறியிருக்கலாம். ஆனால் ராயபுரம் பழைய ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆட்டோ பிடித்து அங்கே போனேன். காலை ஆறே முக்கால். செங்கல் நிறச் சுவரும் வெள்ளைத் தூண்களும் பனிக்குள் பாதி தெரிந்தன. துறைமுகத்தின் பக்கமிருந்து ஏதோ கப்பல் ஒருமுறை ஊதியது. காசிமேட்டிலிருந்து மீன்வாசம் காற்றோடு வந்து போனது. ஊர் இன்னும் கனவில் புரண்டு படுத்துக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் அதற்குள் எழுந்து நடமாடுகிறேன் என்று தோன்றியது. எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஐந்தா என்று இருமுறை கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் பதில் சொல்லாமல் டிக்கெட்டைத் தள்ளினார்.

ஏழு ஐந்துக்குக் கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. கோடவுன்கள், சரக்குப் பெட்டிகள், மொட்டைமாடியில் துணி உலர்த்தும் ஒரு பெண், எல்லாம் மெதுவாக நகர்ந்தன. வேக ரயிலில் எதையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கண் சொக்கியது.

வண்ணாரப்பேட்டையில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். மல்லிகா ஐம்பதைத் தாண்டியவர், வாய் ஓயாதவர். ஜரினாவுக்கு முப்பது முப்பத்திரண்டு இருக்கும், கறுப்பு புர்காவின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தாள். எண்ணூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருவரும் சமையல் வேலை செய்கிறார்கள். இதெல்லாம் நான் கேட்காமலே மல்லிகா சொன்னது.

கொருக்குப்பேட்டையில் வண்டி நின்றது. நின்றதுதான், கிளம்பவில்லை. பத்து நிமிஷம் ஆனது. பீச் ஸ்டேஷனிலிருந்து வருகிற பாதையும் சென்ட்ரலுக்குப் போகிற பாதையும் சேர்கிற இடம் இது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. ஒருத்தி பூ கட்ட ஆரம்பித்தாள். ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"இன்னாத்துக்கு நிக்குது?" என்று எனக்குத் தெரிந்த மெட்ராஸ் பாஷையில் கேட்டேன். மல்லிகா சிரித்துவிட்டார்.

"மாப்ள வண்டி வர்து. அத்தாலதான்."

"மாப்ள வண்டியா?"

"எக்ஸ்பிரஸ்ஸுமா. கல்யாண வூட்ல மாப்ள வந்தா அல்லாரும் ஒதுங்கி நிப்பாங்க இல்ல? அது குறுக்கால போற வரைக்கும் நாம ஓரமா நிக்கணும். நாம பந்தில பரிமாற்ற ஆளு."

எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. மொபைலை எடுத்து ஜன்னலில் சாய்த்து வைத்தேன். வேக வண்டி கடக்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து வீடியோ எடுத்துவிட்டால், அந்தச் சண்டைக்காரர்களுக்கு நல்ல தீனி.

அப்போது ஜரினா என் தோளைத் தொட்டாள். "யக்கா, கோச்சுக்காத. கொஞ்சம் ஜன்னல் குடுக்கிறியா?"

கோபித்துக்கொள்ளாதே என்றதாலேயே கோபம் வந்தது. நான் மட்டும் சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்? என் முகத்தைப் பார்த்து மல்லிகா புரிந்துகொண்டார். "குடும்மா. அவ வூட்டுக்காரரு அந்த வண்டிலதான் வராரு."

ஜரினாவின் கணவர் ரஹீம் விஜயவாடாவில் வெல்டர். மாதம் ஒருமுறைகூட வர முடிகிறதில்லை. இந்த முறை அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். காலையில் வந்து ராத்திரி வண்டியில் திரும்ப வேண்டும். ஜரினாவுக்கு லீவு இல்லை. எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டுக்குள் வந்துவிட்டால் பதினொன்றுக்கு விடுகிறேன் என்று சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டிருந்தார். லேட்டானால் அதுவும் இல்லை, சாயங்காலம் ஆறு வரை இருக்க வேண்டியதுதான். அவர் வருகிற வண்டிக்காகத்தான் இவள் வண்டி நிற்கிறது. நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் இவர்களுடைய மத்தியானத்திலிருந்து போகிறது.

ஜன்னலைக் கொடுத்தேன். மொபைலை உள்ளே வைத்துவிட்டேன்.

"பச்ச சட்ட போட்டுகினு கதவாண்ட நிக்கிறேன்னு சொல்லிகிறாரு" என்றாள். எல்லோரும் மெயின் லைன் பக்கம் எட்டிப் பார்த்தோம். பூ கட்டுகிறவள்கூட.

முதலில் தண்டவாளம் அதிர்ந்தது. பிறகு எஞ்சின், பிறகு பெட்டிகள், கதவுகளில் ஆட்கள், பைகள், ஒரு குழந்தை. "தோ, பச்ச!" என்று மல்லிகா கத்தினார். ஒரு பச்சைச் சட்டை கையை ஆட்டியது. ஜரினா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். அவ்வளவுதான். அவள் முகத்தில் வந்த சிரிப்பு வண்டி போன பிறகும் அப்படியே இருந்தது. எனக்கும் சும்மா சும்மா சிரிப்பு வந்தது.

அதன் பிறகும் சிக்னல் விழ நேரமானது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அதிவேக ரயில்னு ஒண்ணு பேசிட்டிருக்காங்க. அது வந்தா அங்கிருந்து ரெண்டு மூணு மணி நேரத்துல வந்துடுவார். அவ்வளவு செலவு பண்ணிப் போடலாமா?" என்று ஜரினாவிடம் கேட்டேன்.

யோசித்துத்தான் பதில் சொன்னாள். "வந்தா நல்லாத்தான் இருக்கும்க்கா. வாரா வாரம் வருவாரு. அதுல டிக்கெட்டு எங்களுக்குக் கட்டுபடியாவுமான்னு தெரியல. அத்த வுடு. அவரு பறந்து வந்து வூட்ல குந்திகினு இருப்பாரு, நான் இங்கியே நின்னுகினு இருப்பேன். அப்ப அவரு பறந்து வந்து இன்னா?"

அதற்குள் சிக்னல் விழுந்து வண்டி கிளம்பியது.

எண்ணூரில் இறங்கும்போது மணி எட்டு பத்து. ஜரினா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். "அல்லா, இன்னிக்கி ஒரு நாளு" என்று அவள் சொல்லிக்கொண்டே போனது காதில் விழுந்தது. பின்னால் மல்லிகா மூச்சு வாங்க நடந்தார்.

நான் ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து முகத்துவாரம் போனேன். மூன்று கிலோமீட்டர் இருக்கும். "அல்லாரும் மகாபலிபுரம் போவாங்க. நீ இன்னாம்மா இங்க வந்துகிற?" என்றார் டிரைவர். பார்க்க வந்தேன் என்றேன். "பாரு பாரு, நல்லா பாரு" என்று சிரித்தார்.

பார்த்தேன். ஆறும் கடலும் சேர்கிற இடத்தில் தண்ணீருக்கு என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பனிக்குள் நின்றன. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கையாலேயே இறால் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கப்பல் நிலக்கரிக்காகவோ எதற்காகவோ அசையாமல் நின்றது. படகுகள் ஒன்றை ஒன்று இடிக்காமல் தூங்கிக்கொண்டு ஆடின. அழகு என்று சொன்னால் இங்கே குடியிருப்பவர்கள் என்னை அடிப்பார்கள், கரித்தூளைத் துடைத்துத் துடைத்து அவர்கள் கை ஓய்ந்திருக்கிறது. ஆனாலும் இட்லியைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். அவளை விட்டார்களா இல்லையா என்ற நினைப்பு மட்டும் நடுநடுவே வந்தது.

ஒரு மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். மத்தியானத்தில் இந்த லைனில் வண்டி குறைவு, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் நிழல் இருந்த ஒரே பெஞ்சில் ஜரினா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தோள்பையோடு ஒருவர். நடுவில் எவர்சில்வர் டப்பா, அதில் எலுமிச்சை சாதம்.

"வுடலக்கா" என்றாள் என்னைப் பார்த்ததும். கால் மணி லேட் என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். சாப்பாட்டு நேரம் அரை மணி மட்டும் கிடைத்தது. அதைப் போனில் கேட்டு ரஹீம் சென்ட்ரலில் இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல், லோக்கல் பிடித்து அதே கொருக்குப்பேட்டை வழியாகத் திரும்பி இங்கே வந்துவிட்டார்.

"இவுங்கதான் எனக்கு ஜன்னல் குடுத்தது" என்று கணவரிடம் சொன்னாள்.

"இன்னா ஜன்னலு?" என்றார் அவர்.

"காலைல கையாட்டினியே, அப்ப."

ரஹீம் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். "நான் எங்க ஆட்டினேன்? நெல்லூர்லயே தூங்கிட்டேன். கொருக்குப்பேட்டை தாண்டி பேசின் பிரிட்ஜ் வந்தப்புறம்தான் முழிப்பே வந்துச்சு." அப்போதுதான் கவனித்தேன். அவர் போட்டிருந்தது பச்சைதான், ஆனால் அதற்கு மேலே பழுப்பு ஸ்வெட்டர். கழுத்து வரை பொத்தான்.

 ஜரினா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யய்யோ, எவனோ ஒருத்தனுக்கு ஆட்டிட்டேன்யா. அவனும் ஆட்டினான்." ரஹீம் அவள் முதுகைத் தட்டினார். "போவட்டும் வுடு. யாரோ நல்லவன். உன் மனசு நோவக்கூடாதுன்னு ஆட்டிகிறான்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. விஜயவாடா வண்டியின் கண்ணாடி ஞாபகம் வந்தது. ஓரமாக நின்ற லோக்கல், நீட்டிய கை, நான் அதற்கு எழுதிய அந்த வரி.

அவர்கள் அரை மணியில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. நான் நகர்ந்து வெயிலில் இருந்த பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு. அதிவேக ரயில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாரா வாரம் ரஹீம் வரட்டும், யார் வேண்டாம் என்பது? ஆனால் அந்தப் பெரும் பணத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு காலை கொருக்குப்பேட்டையில் இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து பாருங்கள். லோக்கலுக்குத் தனி வழி, மத்தியானத்தில் இன்னும் நாலு வண்டி, இவை வராத வரை வேகம் என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைக்கிற சொத்து. முதலில் இதைச் செய்யுங்கள், பிறகு அது வரட்டும். என் கட்சி இப்போது இதுதான். திட்டுகிறவர்கள் கீழே திட்டலாம்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரியில் போங்கள், காலை ஏழு மணிக்கே ராயபுரத்தில் ஏறுங்கள். போக வர டிக்கெட் பத்து ரூபாய், ஷேர் ஆட்டோ நாற்பது. தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள், முகத்துவாரத்தில் கடை கிடையாது. தொப்பி அவசியம். பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் பிளாட்பாரத்தில் காய வேண்டும். கொருக்குப்பேட்டையில் வண்டி நின்றால், மெயின் லைன் பக்கத்து ஜன்னலைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் மாப்ள வண்டியில் வருகிறவராக இருந்து, ஓரமாக நிற்கிற லோக்கலிலிருந்து யாராவது கையாட்டினால், யாருக்கோ என்று விட்டுவிடாதீர்கள். நீங்களும் ஆட்டுங்கள். அவர்கள் தேடுகிற ஆள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம்.